பெயர் வைக்காத வானம்

மார்ச் 3, செவ்வாய்

கோளரங்கத்தில் இன்று மூன்று காட்சி. காலையில் இரண்டு பள்ளிக்கூடங்கள், மதியம் ஒரு முதியோர் சங்கம். விளக்கை அணைத்த ஐந்தாவது நிமிடம் சங்கத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். பால்வீதிக்குக் குறட்டை பின்னணி நன்றாகவே பொருந்துகிறது.

காலைக் காட்சியில்தான் மானம் போனது. கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, "எத்தனை எண்ண முடியுது?" என்று கேட்பேன். இருபத்தாறு வருடமாகக் கேட்கிற கேள்வி. ஆறு என்பார்கள் சிலர், ஏழு என்பார்கள் சிலர், எப்போதும் ஒரு வாலு நூறு என்பான். இன்று ஒரு சின்னப் பெண், "மிஸ், அம்பு அங்க இல்ல. காலியா இருக்கிற இடத்துல நிக்குது" என்றாள். ஒளி அம்பு கையில்தான் இருக்கிறது, ஆனால் கூரையில் அது எங்கே போய் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் துழாவித்தான் பிடித்தேன். "யாரு கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன்" என்று சமாளித்தேன். பச்சைப் பொய்.

இறங்கும்போது மூன்றாவது வரிசை நாற்காலியில் முழங்கால் இடித்தது. "என்ன மேடம், நாற்காலி எப்பவும் அங்கதானே இருக்கு?" என்று புரொஜெக்டர் ஆபரேட்டர் சிரித்தார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் இருட்டு மிஸ். இருட்டு மிஸ்ஸுக்கு இருட்டில் தடுமாற்றம்! கண்ணாடி மாற்ற வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

கோளரங்கத்துக்கு விடுமுறை. கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடிக்குத்தான் போனேன்.

டாக்டரம்மா கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு மெஷின். தாடையை அதன் விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வானம் காட்டினேன், இன்று எனக்கு ஒருத்தி கிண்ணத்தில் வானம் காட்டுகிறாள்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். இடையிடையே வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கேட்டேன். "இல்ல மேடம், ஓடிட்டுதான் இருக்கு" என்றாள் டெஸ்ட் எடுக்கும் பெண். மெதுவாகத்தான் சொன்னாள்.

மெஷினிலிருந்து வந்த காகிதத்தில், எனக்குத் தெரிகிற இடமாக நடுவில் கொஞ்சம் வெள்ளை. சுற்றிக் கறுப்பு.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து சாகிறது. வலிக்காது. போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலை ஒன்று, மாலை ஒன்று, ஆயுசுக்கும்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"இது குடும்பத்துல வர்றது. அவரையும் ஒரு தடவை பார்த்துடணும். என்ன வேலை பண்றார்?"

"வேன் ஓட்டறான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அப்ப சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

மார்ச் 10, செவ்வாய்

கரடியிடம், அதாவது தம்பியிடம், சொல்லவில்லை.

அவன் வாயில் எதுவும் நிற்காது. ஆபரேட்டரும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். தினமும் சாயங்காலம் ஒரே கடையில் டீ. இவனிடம் சொன்னால் மறுநாள் ஆபரேட்டருக்குத் தெரியும், அதற்கு மறுநாள் கோளரங்க இயக்குநருக்கு. இருட்டில் நூற்றிருபது பிள்ளைகளை வைத்துக் காட்சி நடத்துகிறவருக்குக் கண் சரியாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நியாயமான விதிதான். மின்சாரம் போனால் அத்தனை பேரையும் படியிறக்கி வெளியே கொண்டு போக வேண்டியது நான். அப்புறம் என்னை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைப்பார்கள். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது அந்தக் கூரை ஒன்றுதான்.

அப்பா கடைசிக் காலத்தில் நிலைப்படியில் இடித்துக்கொள்வார், தட்டுக்குப் பக்கத்தில் சோற்றைப் போட்டுக்கொள்வார். "அப்பாவுக்குக் கவனமே கிடையாது" என்று நானும் கரடியும் சிரிப்போம். நேற்று ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

மார்ச் 22, ஞாயிறு

மருந்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில், தக்காளி சாஸ் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். தம்பி மனைவி கண்ணில் பட்டுவிட்டது.

"அண்ணி, இது யாரோட மருந்து?"

"எனக்குத்தான். கண்ணு அரிக்குது."

"எனக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன், வெங்காயம் நறுக்கி எரியுது." பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒரு பொய்க்கு எத்தனை காவல்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இயக்குநர் புதுக் காட்சி கேட்டிருக்கிறார். நட்சத்திரக் கூட்டங்களுக்கு யார் பெயர் வைத்தார்கள், எப்போது, ஏன் என்று. முழுவதும் நானே எழுதலாம். என் கனவே அதுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது கரடியிடம் சொன்னேன். அவனுக்குக் கரடி என்று பெயர் வந்ததே இதில்தான். அவனுக்கு ஆறு வயதிருக்கும். மொட்டைமாடியில் ஏழு நட்சத்திரத்தைக் காட்டி, "நாம ஏழு ரிஷிகள்னு சொல்றோம், கிரேக்கர்கள் பெரிய கரடின்னு சொன்னாங்க" என்றேன். "கரடிக்கு ஏது இவ்ளோ பெரிய வாலு?" என்று ஒரு வாரம் என்னை விடவில்லை. கேள்வி கேட்டவனுக்கே பெயரை வைத்துவிட்டோம். இப்போது ஆளும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் இருக்கிறான்.

"கிரேக்கர்களுக்கு முன்னாடி களிமண் பலகையில எழுதி வச்ச ஜனங்க இருந்தாங்க. அவங்க அதைக் கரடின்னு சொல்லல. வண்டின்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

"பார்த்தியா! அப்பவே நான் டிரைவர்தான். உன் காட்சியில என் பேரைப் போடு." சாம்பாரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தான். ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த துணி கொண்டு போகிற வேன் ஓட்டுகிறான், அவன் சட்டையில் மட்டும் எப்போதும் கறை.

சொல்லியிருக்கலாம். நல்ல நேரம்தான். சொல்லவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

எழுத எழுத எழுந்திருக்க மனம் வரவில்லை. தேள், காளை, சிங்கம் எல்லாம் அந்தக் களிமண் பலகைகளிலேயே இருக்கின்றன. நாம் வேட்டைக்காரன் என்று பழகியிருக்கும் கூட்டத்தை அவர்கள் வானத்தின் உண்மையான இடையன் என்று எழுதினார்கள். கிரேக்கர்கள் வாங்கிக்கொண்டு தங்கள் கதைகளைப் போர்த்தினார்கள். நாற்பத்தெட்டுக் கூட்டம் என்று பட்டியல் ஆயிற்று. அரபிகள் அதைக் கட்டிக் காப்பாற்றினார்கள். திருவாதிரை நட்சத்திரத்துக்கு மேல்நாட்டுப் புத்தகங்களில் இன்றைக்கும் ஓர் அரபிப் பெயர்தான், அதுவும் எழுதியவர் கை தவறி உருமாறிப்போன பெயர்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. அந்த நாற்பத்தெட்டையும் கூரையில் வரைந்து பார்த்தால் தெற்கே ஓர் ஓட்டை விழுகிறது. பெரிய வட்டம். அங்கே பெயரே இல்லை. நட்சத்திரம் இல்லாமல் இல்லை. பெயர் வைத்தவர்கள் நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் அடிவானத்துக்கு மேலே வரவே இல்லை. ஓட்டையின் அளவைப் பார்த்து அவர்கள் எவ்வளவு வடக்கே நின்றார்கள், எந்தக் காலத்தில் நின்றார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அதில் இன்னும் சண்டை தீரவில்லை. பல நூற்றாண்டுக்குப் பிறகு கப்பலில் போனவர்கள்தான் அந்த இடத்தை நிரப்பினார்கள். கடிகாரம், திசைகாட்டி, தொலைநோக்கி என்று கையில் இருந்த சாமான் பெயரையெல்லாம் வைத்தார்கள்.

காட்சிக்குத் தலைப்பு: பெயர் வைக்காத வானம். கடைசி வரி எழுதிவிட்டேன்: "ஒருவர் எதைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் போதும், அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்."

எழுதிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். டாக்டர் கொடுத்த காகிதம் அங்கேதான் இருந்தது. மூடிவிட்டேன்.

மே 4, திங்கள்

இரண்டாவது தடவை கிண்ணம். இந்தத் தடவை நான் ஒரு வேலை செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெளிச்சம் எத்தனை வினாடிக்கு ஒன்று வருகிறது என்று போன தடவையே மனதுக்குள் பிடித்துவைத்திருந்தேன். காட்சி நடத்துகிறவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? தெரியாவிட்டாலும் தாளம் தப்பாமல் அழுத்தினேன்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், நடுநடுவுல மெஷின் சும்மா இருக்கும், புள்ளியே காட்டாது. அப்பவும் அழுத்தியிருக்கீங்க. இல்லாத இடத்துல எல்லாம் பார்த்திருக்கீங்க."

என் வயதில் பாதி இருக்காது. திட்டியிருந்தால் தேவலை. "பயமா இருக்கா மேடம்?" என்றாள். மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். மார்ச்சில் இருந்ததைவிட இடது கண்ணில் கறுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது.

டாக்டரம்மா மறக்கவில்லை. "தம்பியைக் கூட்டிட்டு வரலையா?"

"வெளியூர்ல இருக்கான்" என்றேன். அவன், நான் கண்ணாடி மாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நம்பி, வாசலில் வேனை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

ஜூன் 11, வியாழன்

அலுவலக மருத்துவப் பரிசோதனை. ஒரு மாதமாகத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவரில் ஓர் எழுத்துப் பலகை, அவ்வளவுதான். கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். நடுப் பார்வைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்றார் வந்த டாக்டர்.

தப்பித்தேன். சந்தோஷமாக இருக்கிறது. ஆம், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் எழுதுவானேன்.

ஜூன் 28, ஞாயிறு

கரடி லைசென்ஸ் புதுப்பித்துவிட்டு வந்தான். அங்கேயும் அதே எழுத்துப் பலகை. "ஒரு எழுத்து விடல அக்கா. கழுகுக் கண்ணுன்னு சொன்னான் அந்த ஆளு." வாங்கி வந்த கேக்கை என் வாயில் ஊட்டினான்.

விழுங்கினேன்.

ஜூலை 17, வெள்ளி

வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. கதவிலும் நீளமாக ஒரு கீறல். "ஆஸ்பத்திரி கேட்டு குறுகல்" என்கிறான். அதே கேட்டில் ஒன்பது வருடமாகப் போய் வருகிறான்.

மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் தண்ணீர் டம்ளரை வைத்தேன். வலது பக்கம் தேடினான், நிமிர்ந்து தேடினான். "தண்ணி எங்க?" என்றான். பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். குழம்புக் கரண்டியை எடுத்து, அவன் இடது தோளுக்குப் பக்கத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்து, மெதுவாக ஆட்டினேன். அவன் நேரே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். கரண்டியை இன்னும் முன்னால் கொண்டுவந்தேன். இன்னும். கன்னத்துக்கு நேரே வந்தபிறகுதான், "என்ன அக்கா, ஊத்தறியா?" என்றான்.

ஊற்றினேன்.

என்னைவிட அவனுக்கு மோசம்.

இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு? நாளை சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். நாளைக்கே.

ஜூலை 18, சனி

சொல்லவில்லை. புதுக் காட்சிக்கு இன்னும் மூன்று வாரம்தான். அது முடிந்த மறுநாள் திங்கள், விடுமுறை. அன்றைக்கே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். இது சத்தியம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அரங்கம் நிறைந்துவிட்டது. இருபது பேர் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டையைக் காட்டிக் கடைசி வரியைச் சொன்னபோது கைத்தட்டல் நிற்கவே இல்லை. கரடியும் மனைவியோடு வந்திருந்தான். கூரையில் வண்டி வந்தபோது, "அது நான்தான்!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தாறு வருடத்தில் இதுதான் என் நல்ல நாள். நாளை சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

கரடிக்குக் கூடுதல் ஷிப்ட். நான் எழுந்திருக்கும் முன்பே போய்விட்டான். சாயங்காலம் வந்ததும் களைப்பாகப் படுத்துவிட்டான். புதன்கிழமை சொல்லலாம்.

ஆகஸ்ட் 12, புதன்

மாலை ஐந்து மணிக்கு, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். ஒரு தையற்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வேனின் இடது பக்கம் அவரை இடித்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனது, கரடி காலையில் வெளுத்த துணி இறக்கிய அதே ஆஸ்பத்திரிக்கு.

கரடி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான். தையற்காரம்மாவுக்கு உயிர் இருக்கிறதாம். கடவுளே, உயிர் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஜாமீனில் வந்தான். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. குடித்திருக்கவில்லை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது, போனில் பேசவில்லை என்றும் தெரிந்துவிட்டது. அப்புறம் எப்படி என்று போலீஸ் கேட்டிருக்கிறார்கள். அவனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ரோடு காலியா இருந்துச்சு அக்கா. சத்தியமா யாரும் இல்ல. திடீர்னு சத்தம்தான் கேட்டுச்சு. நான் தூங்கிட்டேன் போலிருக்கு. ஒரு நொடி கண்ணை மூடியிருப்பேன். அப்படித்தான் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன். வேற எப்படி ஆகும், சொல்லு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவினேனாம், முதுகை!

ஆகஸ்ட் 15, சனி

தையற்காரம்மா இறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இருவரையும் உட்கார வைத்து, இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்துச் சொன்னேன்.

"நீ தூங்கலடா. உன் கண்ணு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பாவுக்கும் இதுதான்."

தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எப்பலேர்ந்து தெரியும் அண்ணி?"

"மார்ச்."

அவள் விரலை மடக்கினாள். "ஏப்ரல். மே. ஜூன். ஜூலை." அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அன்னைக்கு குழம்புக் கரண்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு இவர் பக்கத்துல நின்னீங்களே... நான் அடுப்பங்கரையிலேர்ந்து பார்த்தேன். விளையாடறீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தானா?"

ஆம் என்றேன்.

"தெரிஞ்சுமா மறுநாள் காலையில வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில கொடுத்தீங்க?"

கொடுத்தேன். தினமும் நான்தான் கொடுப்பேன். சாவி என் அறை வாசல் ஆணியில் தொங்கும்.

கரடி காகிதத்தின் கறுப்பில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தான். எழுந்து போகும்போது நிலைப்படியில் இடது தோள் இடித்தது. நாங்கள் மூவரும் அதைக் கேட்டோம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

கரடியின் கண் பரிசோதனை. அதே பெண். அவன் தாடையை வைத்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினான். நெடுநேரம் பொத்தான் சத்தமே இல்லை. அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை நிமிடமும் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வெளியூர்லேர்ந்து வந்துட்டாரா?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே நினைவு வைத்துக் கேட்டார்.

மார்ச்சிலேயே வந்திருந்தால் வண்டி ஓட்ட விட்டிருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வக்கீல் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் எனக்குத் தெரிந்த தேதிகளை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரண்டியையும் எழுதினேன்.

செப்டம்பர் 2, புதன்

போன வாரம் இயக்குநர் கூப்பிட்டார். கத்தவில்லை. "நூத்தியிருபது பிள்ளைங்க மேடம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து டிக்கெட் கவுண்டர். புதுக் காட்சிக்கு முன்பே என் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதைப் போட்டு ஓட்டுகிறார்கள். கவுண்டருக்கும் அரங்கத்துக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஒரு நாளைக்கு மூன்று தடவை நானே என் காதில் சொல்கிறேன்: ஒருவர் எதைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வரி. அதில் எவ்வளவு பொய். அவர்கள் நின்ற இடத்தில் அந்த வானம் உதிக்கவே இல்லை, அது அவர்கள் குற்றம் இல்லை. எனக்கு உதித்தது. கரண்டி தூரத்தில் உதித்தது.

ஆபரேட்டரிடம் கேட்டேன், அந்தக் கடைசி வரியை எடுத்துவிட முடியுமா என்று. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார். இப்போது அவர் என்னை நேராகப் பார்ப்பதில்லை. கரடியோடு டீக்கடைக்கும் போவதில்லை. கரடியே எங்கும் போவதில்லை.

அக்டோபர் 5, திங்கள்

தையற்கடை வழியாக நடந்து போனேன். பூட்டு போட்டிருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே யாரோ தைக்கக் கொடுத்த பள்ளிச் சீருடை ஒன்று, கழுத்துப் பட்டி மட்டும் வைக்காமல் தொங்குகிறது. யாரிடம் போய் என்ன சொல்வது? நான்தான் என்றா? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 14, திங்கள்

வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கரடியின் லைசென்ஸ் போய்விட்டது. தம்பி மனைவி வேலைக்குப் போகிறாள், காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஏழு. என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். அவன் ஆகஸ்டிலிருந்து என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆனால் மருந்து விட வேண்டும். அவன் தானே விட்டால் பாதி கன்னத்தில் வழியும். காலை எட்டு மணிக்கு, மனைவி போனபிறகு, அவனே வந்து சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பான். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவேன். மாலை எட்டு மணிக்கு மறுபடி. நூறு நாளுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாளும் தவறவில்லை, ஒரு நாளும் பேசவில்லை. அவனுக்கு விட்டபிறகு எனக்கு விட்டுக்கொள்வேன். அதே மருந்து.

இன்று காலை மேகமூட்டம். சன்னலில் வெளிச்சம் குறைவு. வலது கண்ணுக்கு விட்டேன். இடது கண்ணுக்கு வரும்போது பாட்டில் நுனி எங்கே, அவன் கண் எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு சொட்டு இமையில் விழுந்து வழிந்துவிட்டது. அவன் அசையவில்லை. என்னை அறியாமல் பழைய அதட்டல் வந்துவிட்டது.

"கண்ணைத் திறடா."

"திறந்துதான் அக்கா இருக்கு" என்றான்.